வாளும் வரம்பும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், ஆண்டவர் உயிர்த்த பெருவிழாக் காலையில், கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுவாப்பிட்டியப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் பெரிய விடுதிகள் சிலவற்றிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருப்பலிக்கு வந்திருந்த குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அத்துயரச் செய்தி நம் பங்குகளில் ஒரு கேள்வியையும் விதைத்துச் சென்றது: "சாமி, அவர்கள் வேதமே கொல்லச் சொல்கிறதாமே, மெய்தானா?"

இக்கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் நல்லவர். தெருமுனையில் பாய் கடையில் நாற்பது ஆண்டுகளாக அரிசியும் எண்ணெயும் வாங்கி வருபவர்; அவர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்று பிரியாணியும் உண்டு வந்தவர். அப்படிப்பட்டவர் உள்ளத்தில் இவ்வையம் எழுமாயின், அதனை அதட்டி அடக்குவது மேய்ப்பர்க்கு அழகன்று. "ஆம், சொல்கிறது" என்று ஒரே சொல்லில் விடையிறுப்போர் உளர். "இல்லை, இஸ்லாம் என்றாலே சமாதானம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோரும் உளர். நூலைப் புரட்டிப் பார்க்கும் சிரமத்தை நமக்கு மிச்சப்படுத்துவதே இருவர் நோக்கமும் போலும்! அச்சிரமத்தை இங்குச் சற்றே மேற்கொள்வோம்.

'ஜிஹாத்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பெருமுயற்சி என்பது நேர்ப்பொருள். ஆயுதமேந்திய சண்டைக்குக் 'கிதால்' என்ற வேறு சொல் உண்டு. ஆயினும் சட்ட நூல்களில் 'ஜிஹாத்' என்று அதிகாரத் தலைப்பு இருக்குமாயின், அதன் கீழ்ப் பேசப்படுவது பெரும்பாலும் போர்தான். திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயம், வீடு வாசலை விட்டு அநியாயமாய் விரட்டப்பட்டோர்க்குப் போரிட இசைவு தருகிறது. துறவு மடங்களும் கிறிஸ்தவ ஆலயங்களும் யூதர் தொழுகைக்கூடங்களும் பள்ளிவாசல்களும் இடிபடாமற் காக்கப்படுவதை அங்கேயே ஒரு காரணமாகச் சுட்டுகிறது. 2ஆம் அத்தியாயம், எதிர்த்துப் போரிடுவோருடன் மட்டுமே போரிடவும் வரம்பு கடவாதிருக்கவும் பணிக்கிறது. 9ஆம் அத்தியாயமோ கடுமையானது. உடன்படிக்கையை முறித்த இணைவைப்போரைக் குறித்தும், வேதமுடையோர் தாழ்ந்து திறை செலுத்தும்வரை நடத்தவேண்டிய போரைக் குறித்தும் அது பேசுகிறது. கடுமையான இவ்வசனங்கள் முன்னைய வசனங்களை மாற்றிவிட்டன என்று பண்டைச் சட்ட அறிஞர் பலர் கொண்டனர். இதை மறைப்பது உண்மைக்குச் செய்யும் துரோகம்.

கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில், இஸ்லாமியப் பேரரசு விரிந்துகொண்டிருந்த வேளையில், இச்சட்டம் நூல்வடிவம் பெற்றது. இமாம் அபூ ஹனீபாவின் மாணவரும், 805ஆம் ஆண்டு மறைந்தவருமான அஷ்ஷைபானி, நாடுகளுக்கிடையிலான போரையும் அமைதியையும் பற்றித் தனிநூலே எழுதினார். உலகம் இஸ்லாம் ஆளும் நிலம், போர் நிலம் என இரண்டாகப் பகுக்கப்பட்டது. ஆட்சியை விரிவாக்குதல் கடமை எனப்பட்டது. ஆனால் அது சமுதாயம் முழுவதற்கும் பொதுவான கடமை. தக்கவர் சிலர் செய்தால் பிறர் விடுபடுவர். ஆட்சித் தலைவரின் ஆணையின்றி அதனை எவரும் தொடங்குதல் கூடாது. முன்னறிவிப்பு வேண்டும். 'அமான்' எனப்படும் அடைக்கல வாக்குறுதியைச் சாதாரண முஸ்லிம் ஒருவர் பகைநாட்டானுக்கு அளித்துவிட்டாலும், அது முழுச் சமுதாயத்தையும் கட்டுப்படுத்தும். அதை மீறுதல் பாவம். இந்த அமான் என்னும் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதற் கலீபாவான அபூபக்கர், சிரியாவுக்குப் படை அனுப்புகையில் தளபதிக்கு அளித்த கட்டளைகளை இமாம் மாலிக் தம் முவத்தா நூலில் குறித்து வைத்துள்ளார். பெண்டிர், சிறுவர், முதியோரைக் கொல்லலாகாது, கனிமரங்களை வெட்டலாகாது, உணவுக்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்கலாகாது, இறைவனுக்கென்று தம்மை ஒப்புக்கொடுத்துத் தனித்து வாழும் துறவியரை அவர்தம் வழியில் விட்டுவிட வேண்டும். எத்துணை அழகிய கட்டளை! ஆனால் அடுத்தாற்போல் இன்னொன்றும் வருகிறது: உச்சந்தலையை மழித்துக்கொண்ட சிலரைக் காண்பீர்கள்; மழித்த அவ்விடத்திலேயே வாளால் வெட்டுங்கள் என்பது. இவ்விடத்தைப் படிக்கும் குருக்கள் தம்மையறியாமலே தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வர்! (உச்சிமுடி களையும் சடங்கு 1972ஆம் ஆண்டோடு நம் இலத்தீன் வழிபாட்டு முறையில் எடுக்கப்பட்டுவிட்டது.) ஒதுங்கி வாழும் துறவிக்குத் தீங்கு செய்யலாகாது, மக்களோடு கலந்து நின்று போருக்குத் துணைபோகும் குருவுக்கு அப்பாதுகாப்பு இல்லை என்று சட்ட அறிஞர் இதற்கு விளக்கம் கண்டனர். அப்படியானால் மக்களோடு கலந்து வாழ்ந்து, போருக்குத் துணைபோகாத துறவிக்கு என்ன நேரும்? இது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

நம் தோமா அக்குவினார் 'உரையாசிரியர்' என்றே பெயரிட்டு அழைத்த கொர்தோவா நகர நீதிபதி இபின் ருஷ்து (1126–1198), இக்கருத்து வேற்றுமைகளின் வேரை நுட்பமாகக் காட்டுகிறார். பகைவன் ஏன் கொல்லப்படலாம்? அவன் நம்பாதவன் என்பதனாலா, ஆயுதமேந்த வல்லவன் என்பதனாலா? முன்னதைக் கொள்வோர்க்கு விலக்குகள் சுருங்கும். பின்னதைக் கொள்வோர்க்கு உழவனும் குருடனும் முதியோனும் துறவியும் விலக்குப் பெறுவர். ஒரே நூலை ஓதிய அறிஞர் இரு வேறு பாதைகளிற் சென்றனர் என்பதை அவர் ஒளிக்கவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் வீட்டுக் கணக்கைப் பார்த்த நாம் நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்பதே முறை. நீதியான போருக்கு ஆளும் அதிகாரம், தக்க காரணம், நேரிய உள்நோக்கம் என்னும் மூன்றும் வேண்டும் என்ற தோமா அக்குவினாரின் பாடத்தை நாம் குருமடத்தில் மனனம் செய்திருக்கிறோம். ஆனால் 1095ஆம் ஆண்டு கிளேர்மோன் நகரில் பாப்பரசர் 2ஆம் உர்பான் விடுத்த அழைப்பு இம்மூன்றுக்கும் அப்பாற் சென்று, போர்ப் பயணத்தையே பாவத்தண்டனை தீர்க்கும் திருப்பயணமாக்கிற்று. 1099 ஜூலை 15ஆம் நாள் எருசலேம் வீழ்ந்தபோது அங்கு நடந்த படுகொலையை நம்மவர் எழுதிய வரலாறுகளே சான்று பகர்கின்றன. ஆறாண்டுகள் சென்று, 1105இல், தமாஸ்கு நகரில் அஸ்ஸுலமீ என்னும் அறிஞர் ஜிஹாத் பற்றிய நூலொன்றைப் பொதுமக்கள்முன் வாசித்தார். முஸ்லிம்கள் தம் கடமையை மறந்து பிளவுபட்டதே தோல்விக்குக் காரணம் என்றும், பகைவனோடு பொருமுன் தம் உள்ளத்தோடு பொருதல் வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். ஒரு சாராரின் புனிதப் போர் மறு சாராரின் புனிதப் போரை உறக்கத்தினின்றும் எழுப்பிய கதை இது.

இதற்கிடையே நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பலர் அறியார். 1219ஆம் ஆண்டு, எகிப்து நாட்டுத் தமியாத்தா நகரைச் சிலுவைப் படை முற்றுகையிட்டிருந்தபோது, அசிசி நகர்ப் பிரான்சிஸ் சகோதரர் இலுமினாதுவுடன் ஆயுதமின்றிப் பகைவர் பாளையம் புகுந்து, சுல்தான் அல்காமிலைக் கண்டு நற்செய்தி உரைத்தார். சுல்தான் அவரை மரியாதையோடு கேட்டுப் பாதுகாப்பாய்த் திருப்பி அனுப்பினார் என்று, அப்போது அங்கிருந்த அக்கோன் ஆயர் ஜாக் தெ வித்ரி எழுதுகிறார். படை எகிப்தை விட்டகன்றால் எருசலேமையே தருவதாகச் சுல்தான் சொல்லியனுப்பினார். பாப்பரசரின் தூதர் பெலாஜியு மறுத்தார். 1221இல் அதே படை நைல் நதியின் வெள்ளத்தில் சிக்கிச் சரணடைந்தது. பட்டினி கிடந்த வீரர்க்கு உணவளித்தவரும் அல்காமிலே. அப்படையுடன் சென்றிருந்த ஒலிவர் என்ற குரு அந்நன்றியைத் தம் எழுத்திலே பதிந்து வைத்தார்.

பின்னும் 1229 பிப்ரவரியில், பேரரசர் 2ஆம் பிரெடரிக்குக்கும் அல்காமிலுக்கும் ஒப்பந்தம் உண்டாயிற்று. ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் எருசலேம் கிறிஸ்தவர்க்கு வந்தது. பாறைக் குவிமாடமும் அல் அக்சா பள்ளிவாசலும் முஸ்லிம்களிடமே இருந்தன. ஒப்பந்தக் காலம் பத்தாண்டும் சில மாதங்களும். ஏன் பத்து? நபிகள் நாயகம் மக்காவாசிகளோடு 628இல் ஹுதைபியாவில் செய்துகொண்ட உடன்படிக்கையை முன்மாதிரியாகக் கொண்டு, போர்நிறுத்தம் பத்தாண்டுக்கு மேற்போகலாகாது என்று ஷாபிஈ முதலிய அறிஞர் விதித்திருந்தனர். போர்ச் சட்டமே அமைதிக்கும் வாயில் வைத்திருந்தது! இதனைக் கண்டு மகிழ்ந்தவர் யார்? சபைநீக்கம் பெற்றிருந்த பேரரசர் செய்த ஒப்பந்தம் என்று முதுபெருந்தந்தை ஜெரால்டு சீறினார். திருநகரில் திருவழிபாட்டுக்கே தடை விழுந்தது. தமாஸ்குப் பெரிய பள்ளிவாசலில் சிப்து இபின் அல்ஜவ்ஸி எருசலேமின் இழப்பைப் பாடிப் புலம்பி மக்களைக் கண்ணீர்விடச் செய்தார். இரு சமயப் பிரசங்கிகளும் அவ்வாண்டில் ஒத்துப்போனது இவ்வொன்றில் மட்டுமே.

நூலைப் படித்து விடையிறுக்கலாம் என்று எண்ணியோரும் நம்மவருள் இருந்தனர். குளூனி மடாதிபதி வணக்கத்துக்குரிய பேதுரு 1142இல் ஸ்பெயின் சென்று, ஆங்கிலேயரான கெட்டன் இராபர்ட்டைக் கொண்டு, திருக்குர்ஆனை 1143இல் முதன்முதலாய் இலத்தீனில் பெயர்ப்பித்தார். மறுத்தெழுதவே பெயர்த்தார், எனினும் வாளுக்குப் பதில் சொல்லை எடுத்தது சிறு செய்தியன்று. இராமோன் லுல்லின் வற்புறுத்தலால், 1312இல் வியென் சங்கம் பாரிஸ் முதலிய பல்கலைக்கழகங்களில் அரபுப் பேராசிரியரை அமர்த்த ஆணையிட்டது. ஆணை ஏட்டளவில் நின்றது என்பதை மறைப்பானேன்! 1539இல் சலமாங்காவில் தோமினிக்கன் துறவி பிரான்சிஸ்கு தெ வித்தோரியா, சமய வேறுபாடு ஒருபோதும் போருக்கு நீதியான காரணமாகாது என்று வெளிப்படையாய்ப் போதித்தார்.

அவ்வாறு அவர் போதித்துக்கொண்டிருக்கையில், போர்த்துக்கேயர் நம் பக்கத்து மலையாளக் கரையில் சிலுவை தீட்டிய பாய்மரங்களோடு முஸ்லிம் வணிகரைத் துரத்திக்கொண்டிருந்தனர். அதற்கெதிராகப் பொன்னானி ஷேக் ஸைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய அரபு நூலே 'துஹ்பத்துல் முஜாஹிதீன்'. ஜிஹாதுக்கு அறைகூவல் விடுக்கும் நூல்தான். ஆனால் அதில் புகழப்படும் மன்னர் யார்? இந்துவாகிய கோழிக்கோட்டுச் சாமூதிரி! முஸ்லிம்கள் அவர் குடிகளாய் அவர் பக்கம் நின்று போரிடுவதை அவ்வறிஞர் குறையாகக் கருதவேயில்லை. உலகை இரண்டாய்ப் பகுத்த ஏட்டுச் சட்டம் மலையாளக் கரையின் மண்ணில் இவ்வாறு வளைந்து கொடுத்தது. அந்நூலை 1833இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் சென்னை மாகாணப் படையின் அதிகாரியான ரோலண்ட்சன்.

ஒரு சொற்பிழை

சமயப் போர் அரசியலார் கையில் எவ்வாறு படும் என்பதற்கு 1914 நவம்பர் மாதம் நல்ல சாட்சி. உஸ்மானியப் பேரரசின் தலைமை மார்க்க அறிஞர் இஸ்தான்புல்லில் ஜிஹாது அறிவித்தார். பிரிட்டன், பிரான்சு, ருஷியா ஆகியவற்றுக்கு எதிராக மட்டும்! கிறிஸ்தவ நாடுகளாகிய ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் நட்பு நாடுகளாகையால் அவற்றுக்கு விலக்கு. இது ஜெர்மனியிற் செய்த புனிதப் போர் என்று டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்க்ரோன்யே 1915இல் எள்ளி எழுதினார். (அவரே சுமத்திராவின் அச்சே மக்கள் நடத்திய ஜிஹாதை ஒடுக்க டச்சு அரசுக்கு ஆலோசனை கூறியவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.) இந்திய முஸ்லிம் வீரர்கள் பல்லாயிரவர் பிரிட்டிஷ் படையிலேயே நின்றனர். மக்காவின் ஷெரீப் உசேன் 1916இல் உஸ்மானியரை எதிர்த்தே கிளர்ந்தெழுந்தார்.

இன்று நம்மை அச்சுறுத்துவோர் பெரிதும் எடுத்தாளும் பெயர் இபின் தைமிய்யா (1263–1328). மங்கோலியப் படையெடுப்புக்கு அஞ்சிச் சிறுவயதிலேயே ஊரைவிட்டோடிய குடும்பத்தவர். மங்கோலியர் பின்னர் இஸ்லாத்தைத் தழுவியும், செங்கிஸ்கானின் சட்டத்தையே கைக்கொண்டமையால் அவரோடு போரிடலாம் என்று தீர்ப்புரைத்தார். கடுமையானவர்; தமாஸ்குக் கோட்டைச் சிறையிலேயே உயிர்நீத்தவர். எனினும், மங்கோலியர் முஸ்லிம் கைதிகளை மட்டும் விடுவிக்க முன்வந்தபோது, தம் பாதுகாப்பிலுள்ள கிறிஸ்தவரையும் யூதரையும் விடுவித்தாலன்றி ஒப்பேன் என்று நின்றவரும் அவரே.

அன்று மங்கோலியர் ஆட்சியிலிருந்த மார்தின் என்னும் ஊர் (இன்று துருக்கியில், சிரியக் கிறிஸ்தவர் நெடுங்காலம் வாழ்ந்துவரும் பகுதியில் உள்ளது) போர் நிலமா, இஸ்லாமிய நிலமா என்று அவரிடம் வினவினர். இரண்டுமன்று, இரண்டும் கலந்த மூன்றாம் வகை என்றார் அவர். அங்குள்ள முஸ்லிம் தன் தகுதிக்கேற்ப நடத்தப்படுவான்; மார்க்கச் சட்டத்தை விட்டு விலகியவனும் தகுதிக்கேற்ப நடத்தப்படுவான். 'நடத்தப்படுவான்' என்பதற்கு அரபியில் 'யுஆமல்'. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் அந்நூல் அச்சேறியபோது, இரண்டாம் இடத்தில் அச்சொல் 'யுகாதல்' என்று மாறிவிட்டது. 'எதிர்த்துப் போரிடப்படுவான்' என்பது அதன் பொருள்! இபின் தைமிய்யாவின் இத்தகைய தீர்ப்புகளைத் துணைக்கொண்டு, எகிப்தில் அப்துஸ்ஸலாம் பராஜ் என்பவர் 'மறக்கப்பட்ட கடமை' என்னும் சிறுநூலை எழுதினார். அவர் தோழர்கள் 1981 அக்டோபர் 6ஆம் நாள் அதிபர் அன்வர் சதாத்தைச் சுட்டுக் கொன்றனர். பராஜ் மார்க்கக் கல்லூரியிற் பயின்றவர் அல்லர், தொழிலால் மின்பொறியாளர். அவர் நூலுக்கு விரிவான மறுப்பெழுதியவர் எகிப்தின் தலைமை முப்தியாகிய ஜாதுல் ஹக். 2010 மார்ச்சில் மார்தின் நகரிலேயே அறிஞர் கூடி, தமாஸ்குக் கையெழுத்துப் படியையும் பிற சான்றுகளையும் ஒப்பிட்டு அச்சுப்பிழையை எடுத்துக்காட்டினர். ஒரு சொற்பிழை திருந்த நூறு ஆண்டு கழிந்தது. அச்சகத்தோடு உறவுள்ள நமக்கு இதைப் படிக்கையில் கை நடுங்குகிறது.

மேலை நாடுகளின் அண்மைக்கால மறுமொழிகள் பலவிதம். 2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பின் அமெரிக்க அதிபர் புஷ் தம் நடவடிக்கையைச் 'சிலுவைப் போர்' என்று வாய்தவறிக் குறிப்பிட்டது, எதிரிகள் வேண்டியிருந்த பரிசையே அளித்தது. 2006இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ரேகன்ஸ்பூர்க்கில் பைசாந்தியப் பேரரசர் ஒருவரின் கூற்றை எடுத்தாண்டபோது பலவிடங்களில் சினம் மூண்டது. ஆனால் 38 முஸ்லிம் அறிஞர்கள் மடல் எழுதி விடையிறுத்தனர். அடுத்த ஆண்டு 138 பேர் இறையன்பும் பிறரன்புமே பொதுத்தளம் என்று அறிக்கை விடுத்தனர். 2008இல் உரோமையில் இரு சாராரும் ஒன்றாய் அமர்ந்தனர். 2014இல் 126 அறிஞர் பாக்தாதிக்கு எழுதிய பகிரங்க மடல், ஈராக்கிலும் சிரியாவிலும் அவன் கூட்டம் செய்தவற்றைச் சட்ட நூல்களைக் கொண்டே மறுத்தது. 2019 பிப்ரவரி 4ஆம் நாள், மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் அல் அஸ்ஹர் தலைமை இமாம் அஹமது அல்தய்யிபும் அபுதாபியில் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். அதன்பின் மூன்றே மாதத்திற்குள் கொச்சிக்கடையில் குண்டு வெடித்தது உண்மை. குண்டு வைத்தோர் அவ்வறிஞருள் எவரிடமும் இசைவு கேட்கவில்லை என்பதும் உண்மை.

மழித்த தலையைப் பற்றிய பழைய கேள்விக்கு வருவோம். அல்ஜீரியாவின் திபிரீன் மலையில் திராப்பிஸ்து மடம் ஒன்று இருந்தது. மருத்துவரான சகோதரர் லூக் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அண்டை முஸ்லிம் ஊரார்க்கு இலவசமாய் மருந்தளித்து வந்தார். 1993 கிறிஸ்து பிறப்பு விழா இரவில் ஆயுதக்குழுத் தலைவன் சையா அத்தியா ஆட்களோடு மடத்திற்கு வந்தான். மடத்தலைவர் கிறிஸ்தியான் தெ ஷேர்ஷே, இது அமைதியின் இல்லம், ஆயுதத்தோடு இங்கு எவரும் நுழைவதில்லை என்று உறுதியாய்ச் சொல்ல, மன்னிப்புக் கேட்டுத் திரும்பினான். அன்று அவன் அளித்தது அமான். 1996 மார்ச் 26ஆம் நாள் இரவு எழுவர் கடத்தப்பட்டனர். அடுத்த மாதம் ஆயுதக்குழு விடுத்த அறிக்கை, இறந்துபோன அத்தியாவின் அமான் செல்லாது என்றது. ஒதுங்கி வாழும் துறவிக்கே பாதுகாப்பு, மக்களோடு கலந்து வாழ்வோர்க்கு இல்லை என்று, இபின் தைமிய்யாவின் தீர்ப்பொன்றையும் துணைக்கழைத்தது. நோயாளிக்கு மருந்திட்டதே குற்றமாயிற்று! மே இறுதியில் எழுவர் தலைகளும் கிடைத்தன. அவர்களைக் கொன்ற கை எது என்னும் வழக்கு பிரான்சு நாட்டு நீதிமன்றத்தில் நெடுங்காலம் நடந்தது. அக்கொடிய பத்தாண்டில், கொலைக்கு மார்க்கத் தீர்ப்பளிக்க மறுத்த இமாம்கள் பலரும் கொல்லப்பட்டனர்.

கிறிஸ்தியான் இளமையில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியபோது, அவரைக் காத்ததற்காகவே உயிரிழந்தவர் முகமது என்னும் ஊர்க்காவலர். அதை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. தம் மரணத்தை எதிர்நோக்கி 1993 டிசம்பரிலும் 1994 சனவரியிலும் எழுதி முத்திரையிட்ட மடலில், தம்மைக் கொல்லப்போகிறவனை முன்கூட்டியே மன்னித்து, அவனை நண்பன் என்று அழைத்திருந்தார். தம் சாவைக் காரணம் காட்டி அம்மக்களையும் அவர் சமயத்தையும் பழிப்பார்களே என்பதே அம்மடலில் அவருக்கிருந்த கவலை. அவ்வாண்டுத் தூய ஆவி பெருவிழாவன்று அவர் தாயார் இல்லத்தில் அது பிரிக்கப்பட்டது. 2018 டிசம்பர் 8ஆம் நாள் ஒரான் நகரில் அந்த எழுவரும், மற்றும் பன்னிருவரும் முத்திப்பேறு பெற்றோராய் அறிவிக்கப்பட்டனர். திபிரீனில் அவர் கல்லறைகளைக் காண வருவோரில் பெரும்பாலோர் அந்நாட்டு முஸ்லிம்களே. சகோதரர் லூக்கின் மருந்தால் பிழைத்த முதியோர் தம் பேரப்பிள்ளைகளை அழைத்து வருகின்றனர்.